இடிஎம்எக்ஸை அழிக்காதீர்கள், முதலில் டிஎல்எல்லைத் திறந்து பாருங்கள்

டாட்நெட் அப்ளிகேஷனையும் டேட்டாபேஸையும் இணைக்கும் மைக்ரோசாஃப்ட் லைப்ரரியான என்டிட்டி ஃபிரேம்வொர்க் 6-ஐ, கிளாஸ்களையும் டேபிள்களையும் பொருத்திச் சொல்லும் இடிஎம்எக்ஸ் மாடலோடு பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இன்றும் அதில்தான் ஓடும் ஒரு பெரிய பில்லிங் அப்ளிகேஷன் என் பொறுப்பில் இருக்கிறது. இதன் வேகம், சி ஷார்ப்பிலேயே எழுதும் லிங்க் குவெரி, லேசி லோடிங் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு பிழையைப் பற்றி. "அனேபிள் டு லோட் தி ஸ்பெசிஃபைட் மெட்டாடேட்டா ரிசோர்ஸ்." அதாவது, சொன்ன மெட்டாடேட்டா ரிசோர்ஸை ஏற்ற முடியவில்லை. அவ்வளவுதான் செய்தி. எந்த ரிசோர்ஸ், எந்த டிஎல்எல்லில் (பில்டில் உருவாகும் கோடு ஃபைல்) தேடியது, என்ன பெயரில் தேடியது, எதுவும் அதில் இருக்காது. பில்டு சுத்தமாகப் போகும், அப்ளிகேஷன் எழுந்து நிற்கும், முதல் குவெரி டேட்டாபேஸ் பக்கம் திரும்பும்போதுதான் விழும். புதிதாக டீமில் சேர்ந்தவர்கள் இதில் ஒரு முழு நாளைத் தொலைப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலோர் உடனே செய்வது, இடிஎம்எக்ஸை அழித்துவிட்டு டேட்டாபேஸிலிருந்து புதிதாக உருவாக்குவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வருடக்கணக்கில் கைப்பட மாற்றி வைத்த பெயர்கள், ஸ்டோர்ட் புரொசீஜர்களுக்கான ஃபங்ஷன் இம்போர்ட்கள், இன்ஹெரிடன்ஸ் மேப்பிங் எல்லாம் அதோடு போய்விடும். சில சமயம் பிழையும் போய்விடும், ஆனால் ஏன் போனது என்று யாருக்கும் தெரியாது, அதனால் அடுத்த ரிலீஸில் அதே இடத்தில் மறுபடியும் நிற்பீர்கள்.

உள்ளே நடப்பது என்னவென்று தெரிந்தால் இந்தப் பயம் தேவையில்லை. இடிஎம்எக்ஸ் என்பது ஒரே ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல். அதற்குள் மூன்று பகுதிகள்: உங்கள் கிளாஸ்களைச் சொல்லும் சிஎஸ்டிஎல், டேபிள்களைச் சொல்லும் எஸ்எஸ்டிஎல், இரண்டையும் இணைக்கும் எம்எஸ்எல். பில்டு ஆகும்போது அந்த ஃபைலின் பில்டு ஆக்‌ஷனான என்டிட்டிடிப்ளாய் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து டிஎல்எல்லுக்குள் ரிசோர்ஸாகப் பதித்துவிடும். ஓடும்போது இடிஎம்எக்ஸ் ஃபைல் என்ற ஒன்று கிடையவே கிடையாது. கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கின் (டேட்டாபேஸை எப்படி அடைவது என்று கான்ஃபிக் ஃபைலில் எழுதும் வரி) தொடக்கத்தில் மெட்டாடேட்டா என்று ஆரம்பித்து, நெடுக்குக் கோடுகளால் பிரித்து, 'ரெஸ்' என்று தொடங்கும் மூன்று முகவரிகள் இருக்கின்றனவே, அவை மட்டும்தான் ஃபிரேம்வொர்க்குக்குத் தெரியும். அந்த முகவரிகளில் உள்ள பெயரும் டிஎல்எல்லுக்குள் பதிந்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இந்தப் பிழையில் நான் இதுவரை பார்த்த எல்லாமே இந்த இரண்டு பெயர்கள் ஒத்துப்போகாததாலோ, அந்த டிஎல்எல்லே கண்ணில் படாததாலோ வந்தவைதான்.

ஆகவே முதல் வேலை, டிஎல்எல்லைத் திறப்பது. ஐஎல்ஸ்பை போன்ற ஒரு கருவியில் உங்கள் டேட்டா லேயர் (டேட்டாபேஸ் வேலைகளைச் செய்யும் பகுதி) டிஎல்எல்லைப் போட்டு ரிசோர்சஸ் பகுதியை விரித்தால் மூன்று பெயர்களும் அப்படியே தெரியும். கருவி கையில் இல்லையென்றால் அசெம்பிளியில் (அதே டிஎல்எல்தான்) கெட்மேனிஃபெஸ்ட்ரிசோர்ஸ்நேம்ஸ் என்ற மெத்தடைக் கூப்பிட்டுப் பிரின்ட் செய்தாலும் போதும். புராஜெக்ட்டின் ரூட்டில் ஷாப் என்ற பெயரில் இடிஎம்எக்ஸ் இருந்தால் ரிசோர்ஸ் பெயர் 'ஷாப்.சிஎஸ்டிஎல்'. அதையே மாடல்ஸ் என்ற ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டால் பெயர் 'மாடல்ஸ்.ஷாப்.சிஎஸ்டிஎல்' ஆகிவிடும், ஸ்லாஷ் அல்ல, புள்ளி. கான்ஃபிக் ஃபைல்களில் பழைய பெயரே கிடக்கும், வீடு மாறியவருக்குப் பழைய விலாசத்திலேயே தபால் போவது மாதிரி. ஃபைலின் பெயரை மாற்றினாலும் இதே கதைதான். குறிப்பாக புரொடக்‌ஷன் சர்வரின் வெப்.கான்ஃபிக் கையால் பராமரிக்கப்படும் இடங்களில், நம் மெஷினில் சரியாக ஓடி அங்கே மட்டும் விழும்.

டிஎல்எல்லுக்குள் அந்த மூன்றும் இல்லவே இல்லை என்றால் பிரச்சினை பில்டில். இடிஎம்எக்ஸின் பில்டு ஆக்‌ஷன் என்டிட்டிடிப்ளாய்தானா என்று பாருங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் புராஜெக்ட் ஃபைலில் கை வைத்து மெர்ஜ் செய்யும்போது இது மாறிவிடுவது உண்டு, யாரும் கவனிப்பதில்லை. அப்புறம் மாடலைப் படமாகக் காட்டும் டிசைனரின் காலி இடத்தில் கிளிக் செய்து பிராபர்ட்டீஸில் மெட்டாடேட்டா ஆர்ட்டிஃபாக்ட் பிராசசிங் என்பதைப் பாருங்கள். அது டிஎல்எல்லுக்குள் பதி என்று இருக்கிறதா, அவுட்புட் ஃபோல்டருக்குக் காப்பி செய் என்று இருக்கிறதா? காப்பி என்று இருந்தால் மூன்றும் தனி ஃபைல்களாக வெளியே வந்துவிடும், கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் 'ரெஸ்' முகவரி வேலை செய்யாது. பில்டின் இடைக்கால ஃபைல்கள் இருக்கும் ஓபிஜே ஃபோல்டருக்குள் பதிப்பதற்கென்று எடுத்து வைத்த ஃபைல்கள் தனி ஃபோல்டரில் இருக்கும், அதையும் ஒரு பார்வை பார்த்தால் எந்தக் கட்டத்தில் நின்றது என்று புரிந்துவிடும்.

இன்னொரு வகைதான் உண்மையிலேயே எரிச்சலூட்டுவது: பெயரும் சரி, பதிந்ததும் சரி, ஆனாலும் பிழை. முகவரியில் டிஎல்எல் பெயர் வர வேண்டிய இடத்தில், மாடலை உருவாக்கித் தரும் விசார்ட் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டு வைத்திருக்கும். அதன் பொருள், கிடைக்கிற டிஎல்எல்களில் எல்லாம் தேடு என்பது. கூப்பிடும் டிஎல்எல், அது ரெஃபரன்ஸ் செய்பவை, பிறகு டிஎல்எல்கள் வந்து சேரும் 'பின்' என்ற பெயருள்ள ஃபோல்டர் என்று தேடும். வெப் அப்ளிகேஷனில் இது பெரும்பாலும் ஒழுங்காக நடக்கும். அதே டேட்டா லேயரை ஒரு விண்டோஸ் சர்வீஸிலோ யூனிட் டெஸ்ட் புராஜெக்ட்டிலோ சேர்க்கும்போது, டிஎல்எல் அங்கே காப்பி ஆகாமலோ, பழைய காப்பி ஒன்று உட்கார்ந்துகொண்டோ இருக்கும். நட்சத்திரத்தை எடுத்துவிட்டு டிஎல்எல் பெயரையே எழுதிவிடுங்கள், தேடும் நேரமும் மிச்சம், விழுந்தாலும் காரணம் தெளிவாகத் தெரியும். வெர்ஷன் எண்ணோடு முழுப் பெயராக எழுதினால் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும்: ஒவ்வொரு ரிலீஸிலும் வெர்ஷன் ஏறும் புராஜெக்ட்டில் கான்ஃபிக்கையும் சேர்த்து மாற்றியாக வேண்டும். நான் வெர்ஷன் இல்லாத சின்னப் பெயரைத்தான் போடுகிறேன், இதுவரை நன்றாகவே ஓடுகிறது.

டேட்டா லேயர் தனி புராஜெக்ட்டாக இருக்கும்போது விசார்ட் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கை அந்த லைப்ரரியின் ஆப்.கான்ஃபிக்கில்தான் எழுதும். ஓடும்போது படிக்கப்படுவது ஸ்டார்ட்டப் புராஜெக்ட்டின் கான்ஃபிக். இது தெரியாமல் லைப்ரரியின் ஃபைலை எத்தனை முறை திருத்தினாலும் ஒன்றும் நடக்காது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் சில உறவுக்காரப் பிழைகளும் உண்டு, ஆனால் அவை எவ்வளவோ மேல், காரணத்தை வாய்விட்டுச் சொல்லும். மெட்டாடேட்டா என்ற கீவேர்டு ஆதரிக்கப்படவில்லை என்று வந்தால், என்டிட்டி ஃபிரேம்வொர்க்குக்கான ஸ்ட்ரிங்கை நேராக, டேட்டாபேஸோடு மட்டும் பேசத் தெரிந்த எஸ்க்யூஎல்கனெக்‌ஷனுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அன்இன்டென்ஷனல்கோட்ஃபர்ஸ்ட் எக்ஸெப்ஷன் வந்தால் அதற்குத் தலைகீழ், இடிஎம்எக்ஸ் கான்டெக்ஸ்ட்டுக்கு மெட்டாடேட்டா முகவரிகள் இல்லாத சாதாரண ஸ்ட்ரிங் போயிருக்கிறது. ஸ்கீமா செல்லாது என்று வந்தால் மகிழ்ச்சி அடையலாம், ரிசோர்ஸ் கிடைத்துவிட்டது, உள்ளடக்கத்தில்தான் கோளாறு, பெரும்பாலும் எந்த ஃபைலில் எந்த வரி என்பதும் கூடவே இருக்கும். மைக்ரோசாஃப்ட் கிளவுடான அஸ்யூர் ஆப் சர்வீஸின் போர்ட்டலில் ஸ்ட்ரிங்கைப் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது, கான்ஃபிக் ஃபைலில் எக்ஸ்எம்எல்லுக்காக மாற்றி எழுதிய மேற்கோள் குறிகளை அங்கே நிஜ மேற்கோள் குறியாக்கி, வகையை கஸ்டம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

டேட்டாபேஸிலிருந்து மாடலை அப்டேட் செய்வது பற்றியும் சொல்ல வேண்டும். அப்டேட்டில் எஸ்எஸ்டிஎல் முழுவதும் புதிதாக எழுதப்படும், சிஎஸ்டிஎல் அப்படி இல்லை, அதில் நீங்கள் செய்தவை தங்கும். அதனால் டேபிளில் ஒரு நெடுவரிசையின் பெயரை டேட்டாபேஸில் மாற்றினால் பழைய பிராபர்ட்டி மேப்பிங் இல்லாமல் அநாதையாக நிற்கும், 11009 என்ற எண்ணோடு பிழை வரும். டிசைனரில் அந்தப் பிராபர்ட்டியை அழித்தால் தீர்ந்தது. எஸ்எஸ்டிஎல்லில் கைவைத்துத் திருத்துபவர்களுக்கு என் வேண்டுகோள், வேண்டாம். அடுத்த அப்டேட்டில் அது இருக்காது, ஏன் அப்படித் திருத்தினோம் என்பது யார் நினைவிலும் இருக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் இடிஎம்எக்ஸோடு என்டிட்டி ஃபிரேம்வொர்க்கைப் பரிந்துரைப்பேனா என்றால், பழைய அப்ளிகேஷனுக்கு ஆம், புதியதற்கு இல்லை. 2008-ல் டாட்நெட் 3.5 சர்வீஸ் பேக் 1-உடன் முதல் பதிப்பு வந்தது, 2013-ல் வந்த ஆறாம் பதிப்பு அசைக்க முடியாத அளவுக்கு நிலையானது, நூற்றுக்கணக்கான டேபிள்களும் புரொசீஜர்களும் ஏற்கெனவே இருக்கும் நிறுவனத்தில் டிசைனரில் எல்லாவற்றையும் ஒரே படமாகப் பார்க்கும் வசதியை நான் இன்னமும் மதிக்கிறேன். 2016-ல் வந்த, என்டிட்டி ஃபிரேம்வொர்க்கின் புதிய வடிவமான ஈஎஃப் கோர் இடிஎம்எக்ஸை முற்றிலும் விட்டுவிட்டது. அங்கே மேப்பிங் முழுக்க சி ஷார்ப் கோடாகவே இருப்பதால் முகவரி தவறும் இந்தப் பிழைக்கே இடமில்லை. பழைய என்டிட்டி ஃபிரேம்வொர்க்கின் 2019-ல் வந்த 6.3 பதிப்பு டாட்நெட் கோர் 3.0-விலும் ஓடியது, ஆனால் டிசைனர் அந்தப் புராஜெக்ட்களுக்கு நேரடியாக வரவில்லை, அதனால் அந்தப் பாதையில் போவதாக இருந்தால் இதை யோசித்துவிட்டுப் போங்கள்.

இருப்பதைப் பராமரிப்பவர்களுக்கு நான் செய்து வைத்திருக்கும் இரண்டு ஏற்பாடுகளைச் சொல்லிவிடுகிறேன். மெட்டாடேட்டா பகுதியைக் கான்ஃபிக்கிலிருந்து எடுத்துவிட்டு, என்டிட்டிகனெக்‌ஷன்ஸ்ட்ரிங்பில்டர் கிளாஸ் மூலம் டேட்டா லேயருக்குள்ளேயே கோடாக எழுதிவிட்டேன், கான்ஃபிக்கில் சாதாரண டேட்டாபேஸ் ஸ்ட்ரிங் மட்டும் இருக்கிறது. சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் பாஸ்வேர்டு மாற்றும்போது தெரியாமல் மாடல் முகவரியைத் தொடும் வாய்ப்பே இல்லை. இரண்டாவது, பில்டு சர்வரில் ஓடும் ஒரு சின்ன டெஸ்ட்: அந்த ஸ்ட்ரிங்கைக் கொண்டு ஒரு என்டிட்டிகனெக்‌ஷன் உருவாக்கி, அதில் கெட்மெட்டாடேட்டாவொர்க்ஸ்பேஸ் மெத்தடைக் கூப்பிடுகிறது, டேட்டாபேஸ் தொடர்பு தேவையில்லை. மூன்று ரிசோர்ஸில் ஒன்று காணாமல் போனாலும் டெஸ்ட் அங்கேயே சிவப்பாகிவிடும். போன ரிலீஸுக்கு முன் டீமில் ஒருவர் ஃபோல்டர்களை ஒழுங்குபடுத்தியபோது மாடல் இடம் மாறியது இந்த டெஸ்டில்தான் தெரிந்தது, ஒரு வரியைத் திருத்தி அன்றே செக்-இன் செய்துவிட்டார்.