வேலைக்கு 5 ஸ்டார், வெப்சைட்டுக்கு 2

வாஷிங் மெஷின் சர்வீஸுக்காக இந்த நிறுவனத்தின் வெப்சைட்டை மொபைலில் திறந்தேன். மேலே ஒன்றன்பின் ஒன்றாக நகரும் பெரிய படங்கள்: சிரிக்கும் குடும்பம், கோட் சூட்டில் கைகுலுக்கும் ஆட்கள். என்னென்ன பழுது பார்ப்பார்கள், எந்தப் பகுதிக்கு வருவார்கள் என்பதெல்லாம் வெகுதூரம் கீழே போனால்தான் தெரிகிறது. அந்தப் படங்கள் வந்து சேரவே நேரம் பிடிக்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்கிறது கூகுள். ஒரே ஒரு படத்தை, அதுவும் சுருக்கி வைத்தால் போதும்.

கோபம் வந்தது போன் நம்பரைப் பார்த்துத்தான். அதைப் படத்துக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். தொட்டால் கால் போகாது, காப்பி பண்ணவும் முடியாது. பேப்பரில் குறித்துக்கொண்டு டயல் செய்ய வேண்டும். பார்வையில்லாதவர், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரில் கேட்டால் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும். நம்பரை எழுத்தாகப் போட்டு, தொட்டதும் கால் போகிற மாதிரி லிங்க் கொடுப்பது ஒரு வரி வேலை. தயவுசெய்து இதை இன்றைக்கே மாற்றுங்கள்.

சர்வீஸ் கேட்டு நிரப்பும் ஃபார்மில் பிறந்த தேதி எதற்கு? அனுப்பிய பிறகு "கிடைத்தது" என்று ஒரு வரிகூட வரவில்லை.

வந்த மெக்கானிக் அருமையான மனிதர். பெல்ட்டை மாற்றி, தேய்ந்த பழையதைக் கையில் கொடுத்து, காரணத்தையும் பொறுமையாக விளக்கினார். முகப்பில் அவர் படத்தைப் போடுங்கள்.