பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு: "மெயின் சீல் போயிருச்சு" என்றால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்

ஆயில் ஒழுகலைச் சரிசெய்யக் கொடுத்த வண்டி, இன்ஜினே பாழாகும் நிலையில் திரும்பி வந்தது. இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என்னுடையது 1971 ஃபோக்ஸ்வாகன் பீட்டில், 1600 இன்ஜின். ரேடியேட்டர் கிடையாது, காற்றும் ஆயிலும்தான் அதைக் குளிர வைக்கின்றன. அந்த ஆயிலும் மொத்தமே இரண்டரை லிட்டர். அதனால் நிறுத்திய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் தேங்க ஆரம்பித்ததும் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டேன். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்த மெக்கானிக், "ஃப்ளைவீல் பக்கம் மெயின் சீல் போயிருச்சு சார், இன்ஜினை இறக்கணும்" என்றார். கிராங்க் என்ற சுழலும் தண்டு ஃப்ளைவீல் சக்கரத்தோடு சேரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்தான் மெயின் சீல். இன்ஜினைக் கழுவிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதே வண்டியைத் திருப்பி எடுத்திருக்க வேண்டும்.

மூன்று நாள் கழித்துக் கொடுத்தார்கள். இன்ஜின் இறக்கி ஏற்றிய கூலி, புது சீல், கேஸ்கெட் எல்லாம் பில்லில் இருந்தன. பழைய சீலைக் கேட்டேன். குப்பையில் போட்டாச்சு என்றார்கள். இரண்டு வாரம் தரை காய்ந்திருந்தது. அப்புறம் மறுபடியும் சொட்டு, ஹீட்டரைத் திறந்தால் ஆயில் கருகும் வாடை. இன்ஜின் சூடான பிறகு ஐடிலில், ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் விளக்கு மினுக்க ஆரம்பித்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

இந்த இன்ஜின்களிலேயே பல வருடம் வேலை செய்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பிடிக்கும் நான்கு இடங்களைத்தான் அவர் முதலில் பார்த்தார். நட்டுகளின் மேல் பழைய அழுக்கு கல்லாக உறைந்து கிடந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. "தம்பி, இதை யாரும் இறக்கவே இல்லையே" என்றார். செய்யாத வேலைக்குக் கூலி கொடுத்திருக்கிறேன்.

அடுத்து அடியிலிருக்கும் சல்லடைத் தட்டைக் கழற்றினார். ஆறு சின்ன நட்டுகள், 7 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் போதும். முரட்டுத்தனமாக முறுக்கியதில் நட்டு ஏறும் கம்பிகளில் (ஸ்டட்) இரண்டின் மரை போயிருந்தது. உள்ளே ஆயிலை வடிகட்டும் வலையைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. சிவப்பு சிலிக்கான் பேஸ்ட் துண்டு துண்டாக அதில் ஒட்டிக் கிடந்தது. சிலிண்டர் ஹெட்டை மூடும் வால்வ் கவரின் கேஸ்கெட்டில் இரண்டு பக்கமும் பேஸ்டை அப்பியிருக்கிறார்கள். உள்பக்கம் பிதுங்கியது அறுந்து, ஹெட்டிலிருந்து ஆயில் திரும்பி இறங்கும் புஷ்ராடு ட்யூப் வழியாகவே கீழே வந்திருக்கிறது. இந்த இன்ஜினில் தனி ஆயில் ஃபில்டர் கிடையாது, அந்த வலை ஒன்றுதான். அது அடைத்துக்கொண்டால் பம்புக்கு ஆயில் வராது, பேரிங் போய்விடும். விளக்கு மினுக்கியதற்குக் காரணம் அதுதான். இன்னும் சில நாள் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

பிறகு அவர் உண்மையிலேயே இன்ஜினை இறக்கினார். மெயின் சீல் பழையதுதான், ஆனால் சுற்றிலும் காய்ந்திருந்தது. கிராங்க் முன்னும் பின்னும் ஆடும் இடைவெளி 0.10 மி.மீ. 0.07 முதல் 0.13 வரை சரியான அளவு. அது கூடியிருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் நிற்காது என்றார்.

ஒழுகியது ஆயில் கூலரின் அடியில் உள்ள இரண்டு சின்ன ரப்பர் சீல்களில். கூலர் இடப்பக்கம், மூன்றாவது சிலிண்டருக்கு மேலே, ஃபேன் உறையை ஒட்டி நிற்கிறது. அங்கே கசியும் ஆயில் ஃப்ளைவீல் ஓரமாகவே இறங்குவதால், கீழிருந்து பார்த்தால் மெயின் சீல் போன மாதிரியே தெரியும். ஃபேன் காற்று அதைச் சிலிண்டர் தகடுகளிலும் தெளிக்க, தூசி ஒட்டிச் சூடு ஏறுகிறது. கழுவித் துடைத்து, டால்கம் பவுடர் தூவி, பத்து நிமிடம் ஓடவிட்டிருந்தால் ஈரம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணாலேயே பார்த்திருக்கலாம். உங்கள் வண்டிக்கு யாராவது மெயின் சீல் என்று சொன்னால், உங்கள் எதிரில் இதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். வாடையையும் பாருங்கள். கந்தக நெடி அடித்தால் அது கியர் ஆயிலாக இருக்கலாம், அப்படியென்றால் போனது கியர்பாக்ஸின் சீல்.

இன்னொரு கசிவு புஷ்ராடு ட்யூப்களின் முனையில். அங்கேயும் வெளியே பேஸ்ட் பூசி மறைத்திருந்தார்கள். முறையாக என்றால் ஹெட்டைக் கழற்றி, ட்யூபைக் குறைந்தது 190 மி.மீ. வரும்படி இழுத்துவிட்டு, புது சீலோடு போட வேண்டும். பெரியவர் எட்டையும் அப்படித்தான் போட்டார். வால்வ் கவரில் கேஸ்கெட்டைக் கவர் பக்கம் மட்டும் ஒட்டினார். சிலிக்கான் டியூபை அவர் கையில் எடுக்கவே இல்லை.

பேஸ்ட் ஒட்டிய வலையின் படத்தோடு பழைய இடத்துக்குப் போய்க் கேட்டேன். பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும் என்றார்கள். பணம் திரும்பவில்லை. அங்கிருந்து நான் கொண்டுவர முடிந்தது அந்த பில் ஒன்றைத்தான்.

இப்போது மூன்று வாரமாக வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைக்கிறேன். கிராங்க் புல்லிக்குக் கீழே மட்டும் சில நாள் ஒரு சின்னப் பொட்டு விழுகிறது. அந்த முனையில் கம்பெனியே சீல் வைக்கவில்லை, ஆயிலை உள்ளே திருப்பும் மரை மட்டும்தான். அந்தப் பொட்டை அப்படியே விட்டுவிட்டேன்.