கம்பிப் பூட்டுப் போத்தல் வாங்குகிறவர்களுக்கு: 18,600 ரூபாய் போன கதை

நேற்றிரவு எங்கள் குசினியில் போத்தல்கள் வெடித்தன. நல்ல காலம், யாருக்கும் காயமில்லை. ஆனால் 18,600 ரூபாய் போய்விட்டது, விற்றவன் என்னை புளொக் பண்ணிவிட்டான். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

அண்ணாவின் மகளுக்குச் சாமத்திய வீடு. உவர்மலையில் எங்கள் சொந்தத்துக்குள் விசேஷம் என்றால் ஜிஞ்சர் பியர் என் பொறுப்பு. வழமையாகப் பழைய பியர் போத்தல்களைக் கழுவித்தான் அடைப்பேன். இந்த முறை மேசையில் வடிவாக இருக்கட்டும் என்று அண்ணி ஆசைப்பட்டார். போத்தலும் கேக் பெட்டியும் விற்கிற ஒரு முகநூல் கடையில், பீங்கான் அடைப்பும் கம்பிப் பூட்டும் வைத்த 750 மில்லிலீட்டர் போத்தல் இருந்தது. ஒன்று 620 ரூபாய், 30 போத்தல், முழுக் காசும் முன்கூட்டியே வங்கியில் போட வேண்டும்.

கேட்காமல் வாங்கவில்லை. "தம்பி, இது ஈஸ்ட் போட்டுச் செய்யிறது, அடைச்ச பிறகும் உள்ளுக்குள்ள காஸ் வரும். போத்தல் தாங்குமா?" என்று கேட்டேன். குரல் பதிவில் பதில் வந்தது: "பயப்பிடாதீங்க அக்கா, வெளிநாட்டில பியர் அடைக்கிற அதே போத்தல்தான்." கூடவே ஒரு வீடியோ. ஒரு கை கம்பியைத் தள்ள, 'டப்' என்று நுரை பொங்குகிறது. அதைப் பார்த்த கையோடு காசு போட்டேன்.

பார்சலைப் பிரித்தால் சதுரப் போத்தல். படத்தில் இருந்தது உருண்டை. உடனே கேட்டேன். "புது ஸ்டொக் அக்கா, டிசைன் மட்டும்தான் வேற. கண்ணாடி முந்தினதை விடப் பலம்."

பலமாம்! உடைந்த ஒன்று இப்போது என் முன்னால் இருக்கிறது. கம்பி பூட்டியபடியே, அடைப்பு அசையவில்லை. தட்டைப் பக்கம்தான் பிளந்திருக்கிறது. மூலையில் கண்ணாடி தடிப்பு, நடுவில் லாம்புச் சிமினி மாதிரி மெல்லிசு. உருண்டைப் போத்தலில் காஸின் அமுக்கம் சுற்றிவரச் சமமாக விழும். சதுரத்தில் தட்டைப் பக்கம் வெளியே வளையப் பார்க்கும். ஷாம்பெயின் போத்தலுக்குள் கிட்டத்தட்ட 6 வளிமண்டல அமுக்கம் இருக்கும். அதனால்தான் அது அவ்வளவு பாரம், அடியிலும் குழி.

கச்சான் வீசுகிற இந்த வெக்கையில் ஈஸ்ட் ஓட்டமாக ஓடும் என்பது தெரிந்ததுதான். அதற்காகவே ஒரு பிளாஸ்டிக் சோடாப் போத்தலிலும் அடைத்து வைப்பேன். அது கைக்கு இறுகியதும் எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஏற்றிவிடுவேன். நேற்றிரவு அந்தப் பிளாஸ்டிக் போத்தல் இன்னும் அமுங்கிக்கொண்டுதான் இருந்தது. அதே பானையிலிருந்து பழைய பியர் போத்தல்களில் அடைத்ததற்கும் ஒரு கீறல் இல்லை. வெடித்ததெல்லாம் சதுரம். மிச்சச் சதுரங்களை ஈரச் சாக்கால் மூடித் திறந்து ஊற்றிவிட்டோம். அந்தப் போத்தலை இனி யார் நம்புவது?

காலையில் படம் அனுப்பினேன். முதலில் "சீனி கூடப் போட்டிருப்பீங்க". அப்புறம் "திருகோணமலை வெயிலுக்கு நாங்க என்ன செய்யிறது". பிறகு "முதலாளியிட்ட கேட்டுச் சொல்றன்". கடைசியில் வாய் தவறி உண்மை வந்தது: "அது எண்ணெய், தேன் வைக்கிற போத்தல் அக்கா, காஸ் அடைக்கச் சொன்னது யார்?" சொன்னது நீதானே! அந்தக் குரல் பதிவைத் தேடினால் இல்லை. வட்ஸ்அப்பில் செய்திகள் 7 நாளில் தானாக மறையும்படி வைத்திருக்கிறார்கள். 18,600 ரூபாயில் பாதியையாவது தா என்று கேட்டதும் புளொக். கடை மட்டும் இன்றும் திறந்திருக்கிறது, விலைக்கழிவாம்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது தலை ஓடவில்லை. சதுரப் போத்தலில் காஸ் வருகிற எதையும் அடைக்காதீர்கள். படத்தில் உள்ளது வராவிட்டால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள், விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். "தாங்கும்" என்பதை எழுத்தில் வாங்கி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பில் தராதவனுக்கு 18,600 என்ன, 600 ரூபாயும் போடாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். என்னுடையதை நாளைக்குக் கொடுக்கிறேன். இதே கடையில் சதுரப் போத்தல் வாங்கியவர்கள் இருந்தால் பில் இருந்தால் அதோடு எனக்கு எழுதுங்கள், சேர்த்தே கொடுப்போம்.