பேஸ்பால் ஸ்டேடியம் டூர் பேக்கேஜ்: குழந்தைகளோடு போகிறவர்கள் பணம் கட்டும் முன் படியுங்கள்

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பேஸ்பால் ஸ்டேடியங்களைச் சுற்றிவரலாம் என்று நினைத்திருக்கும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நியூ ஜெர்சி பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு பேக்கேஜ் விளம்பரம் சுற்றுகிறது. பாஸ்டன், பிலடெல்ஃபியா, பால்டிமோர் என்று மூன்று ஊர். ஆட்ட டிக்கெட், ஹோட்டல், பார்க்கிங், சாப்பாடு எல்லாம் ஒரே தொகையில். "நம்ம ஊர்க்காரங்க சிஸ்டர், சின்னப் பிள்ளைங்களோட வர்றவங்களுக்குன்னே போட்ட பிளான்" என்று ஏஜென்ட் அன்பாகப் பேசுவார். போன கோடையில் அதில் போய் நாங்கள் பட்ட பாடு இது. புகார் விசாரணையில் இருப்பதால் ஆளின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர் செய்யும் வேலை தெரிந்துவிட்டால் போதும், வேறு பெயரில் வந்தாலும் நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.

அந்த வேலையின் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான்: டிக்கெட்டை உங்கள் கணக்குக்கு மாற்றவே மாட்டார், அல்லது கடைசி நிமிடம் வரை மாற்றமாட்டார். மேஜர் லீக் (அமெரிக்காவின் முதல்தர பேஸ்பால் லீக், சுருக்கமாக எம்எல்பி) ஆட்டங்களுக்கு இப்போது காகித டிக்கெட் கிட்டத்தட்ட கிடையாது. எம்எல்பி பால்பார்க் என்ற ஆப்பில்தான் டிக்கெட் இருக்கும். ஒருவர் வாங்கி இன்னொருவர் கணக்குக்கு அனுப்பலாம். நொடியில் முடிகிற காரியம். அதைச் செய்யாமல் இழுத்தடிக்கும்போது எந்த சீட், என்ன விலை, உண்மையில் டிக்கெட் இருக்கிறதா என்று எதுவுமே உங்களுக்குத் தெரியாது.

எங்கள் மகனுக்கு ஏழு வயது. ஊரில் லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் ஆடுகிறான். பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இருக்கும் அந்த 37 அடி உயரப் பச்சைச் சுவரை, கிரீன் மான்ஸ்டரை, நேரில் பார்க்கவேண்டும் என்பது அவன் ஆசை. மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. மே மாதமே முழுப் பணமும் கட்டிவிட்டோம். முன்பணத்தை ஜெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் அனுப்பச் சொன்னார், மீதியைக் கார்டில் வாங்கிக்கொண்டார். "டிக்கெட் எப்போ வரும்?" என்று கேட்டபோதெல்லாம் "ஆட்டத்தன்னிக்குத்தான் ரிலீஸ் பண்ணுவாங்க சிஸ்டர்" என்பதே பதில். இது பொய். அணியின் தளத்தில் வாங்கினால் பொதுவாக வாங்கிய உடனேயே டிக்கெட் உங்கள் கணக்கில் தெரியும்.

ஃபென்வே அன்று மதியம் டிக்கெட்டுக்குப் பதிலாக ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அனுப்பினார். ஜெர்சி தெருவில் வரிசையில் நின்று கேட்டுக்குப் போனால், ஸ்கிரீன்ஷாட் செல்லாது, ஆப்பைத் திறந்து காட்டுங்கள் என்றார்கள். ஒதுங்கி நின்றோம். நல்ல வெயில். மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். உள்ளே தேசிய கீதம் முடிந்து கூட்டம் ஆர்ப்பரிப்பது வெளியே கேட்டது. மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு "ஆரம்பிச்சுட்டாங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஏஜென்ட் ஃபோனை எடுப்பார், "டூ மினிட்ஸ் சிஸ்டர்" என்று வைத்துவிடுவார். டிக்கெட் வந்து நாங்கள் உள்ளே நுழைந்தபோது ஒன்பது இன்னிங்ஸில் இரண்டாவது முடிந்திருந்தது.

வந்தது நான்கு டிக்கெட். மடியில் உட்காரும் குழந்தைக்கும் ஒன்று. கேட்டில் இருந்தவர் மகளைப் பார்த்துவிட்டு, இவளுக்கு டிக்கெட்டே தேவையில்லையே என்றார். இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் பல ஸ்டேடியங்களில் டிக்கெட் வேண்டாம். அணிக்கு அணி விதி மாறும் என்பதால் அந்தந்த அணியின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களிடம் அவளுக்கும் பெரியவர்களுக்கான தொகையையே வாங்கியிருந்தார்.

சீட்டைப் பார்த்ததும்தான் எனக்கு வயிறு எரிந்தது. ஃபென்வே 1912-ல் திறந்த ஸ்டேடியம். கிராண்ட்ஸ்டாண்ட் பகுதியில் மேற்கூரையைத் தாங்கி நிற்பது வரிசையாக இரும்புத் தூண்கள். அவற்றின் பின்னால் இருக்கும் சீட்டுகளில் மைதானத்தின் ஒரு பகுதி மறைந்துவிடும். அணியே அதைச் சொல்லித்தான் விற்கிறது. பார்வை மறைக்கும் சீட் என்று குறிப்பு இருக்கும், விலையும் குறைவு. ஏஜென்ட் எங்களுக்கு "பிரீமியம் ஃபேமிலி சீட்" என்று விற்றது அதைத்தான். பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு தூண், எங்களுக்கும் பிட்சர் நிற்கும் மேட்டுக்கும் நட்ட நடுவில். மகன் இடது பக்கம் சாய்ந்தால் பேட்டர் தெரிவார், நிமிர்ந்தால் யாருமே தெரியமாட்டார்கள். "அம்மா, பந்து போடுறவர் எங்கே?" என்றான். அந்தத் தூண் பக்கம் கையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே எழுந்து படிக்கட்டு ஓரமாய்ப் போய் நின்றான். வழியை மறைக்கக்கூடாது என்று பணியாளர் வந்து திருப்பி அனுப்பினார். அவர் மேல் தப்பில்லை. ஏழு வயதுப் பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்ததை மறக்க முடியவில்லை.

பிலடெல்ஃபியாவில் ஆட்டமே இல்லை. ஃபில்லீஸ் அணி வெளியூரில் ஆடிக்கொண்டிருந்தது. ஏஜென்ட் தந்தது ஸ்டேடியத்தைச் சுற்றிக் காட்டும் டூர் டிக்கெட். ஃபில்லி ஃபனாட்டிக் என்று 1978 முதல் அங்கே கலாட்டா பண்ணும், அணியின் அந்தப் பச்சைக் கோமாளி வேடத்தைப் பார்க்கலாம் என்று பிள்ளையிடம் சொல்லியிருந்தோம். காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு வந்தோம். கேட்டால், "ஸ்டேடியம் பாக்கணும்னுதானே சொன்னீங்க, பாத்துட்டீங்கல்ல" என்கிறார். ஓர் அணி ஒரு சீசனில் சொந்த ஊரில் ஆடுவது 81 ஆட்டம்தான். ஏறக்குறைய பாதி நாள் ஊரில் இருக்காது. அட்டவணை சீசன் தொடங்குவதற்குப் பல மாதம் முன்பே வெளிவந்துவிடும். அவருக்கு இது தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை.

பால்டிமோரில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தத் தந்திரம் பலருக்குத் தெரியாது.

ஃபென்வேயில் நாங்கள் சத்தம் போட்டதால், பால்டிமோர் கேட்டில் ஏஜென்ட் தன் ஆள் ஒருவரை நிறுத்தியிருந்தார். அந்த ஆள் தன் ஃபோனில் இருந்த டிக்கெட்டையே ஸ்கேன் செய்யக் காட்டி எங்களை உள்ளே அனுப்பினார். சிரித்த முகம், பிள்ளைகளைப் படம் எடுத்தார், "என்ஜாய் பண்ணுங்க மேடம்" என்றார். வரிசையில் நிற்காமல் உள்ளே போனதில் எங்களுக்கும் நிம்மதிதான். பால்டிமோர் ஸ்டேடியமான கேம்டன் யார்ட்ஸ் 1992-ல் திறந்தது. வலது பக்கம் முழுக்கப் பழைய ரயில்வே கிடங்கு ஒன்று, ஆயிரம் அடிக்கு மேல் நீளம், செங்கல் கட்டடம். அதற்கும் ஸ்டேடியத்துக்கும் நடுவே யூடா தெரு. ஹோம் ரன் பந்துகள் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி மைதானத்தைத் தாண்டி அடித்தவை) வந்து விழுந்த இடங்களில் தரையில் பந்து வடிவ உலோகத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். மகன் ஒவ்வொன்றாகத் தேடிக் குனிந்து பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தான். அந்தப் பயணத்தில் அவன் மனம்விட்டுச் சிரித்தது அங்கேதான்.

சாப்பாட்டு விஷயமும் அங்கேதான் வெளிவந்தது. "உள்ளே வெளிச்சாப்பாடு விடமாட்டாங்க" என்று சொல்லி தலைக்கு ஒரு தொகை வாங்கியிருந்தார். கேம்டன் யார்ட்ஸில் வீட்டுச் சாப்பாட்டைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண்மணி சொல்லித்தான் தெரியும். எங்கள் காரில் சின்ன ரைஸ் குக்கர் எப்போதும் இருக்கும். தயிர் சாதம் கிளறி எடுத்துக்கொண்டு போனோம். நல்லவேளை போனோம். சாப்பாட்டுக் கூப்பன் என்று அவர் அனுப்பியதை எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளவில்லை.

ஆட்டம் தொடங்கும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. பணியாளர்கள் ஓடிவந்து பெரிய தார்ப்பாயை இழுத்து ஆடுகளத்தை மூடினார்கள். கூரைக்கு அடியில் உட்கார்ந்து பிள்ளைகள் தயிர் சாதம் சாப்பிட்டார்கள். வெகுநேரம் காத்திருந்தபின் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது என்று அறிவித்தார்கள்.

மழைக்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மழையால் ஆட்டம் ஒத்திப்போனால் பொதுவாக அதே டிக்கெட் மறுபடி நடக்கும் ஆட்டத்துக்குச் செல்லும். அந்த உரிமை யாருக்குப் போகும்? டிக்கெட் யார் கணக்கில் இருக்கிறதோ அவருக்கு. எங்கள் டிக்கெட் எங்கள் கணக்குக்கு வரவே இல்லையே, அந்த ஆளின் ஃபோனில்தானே இருந்தது! வீட்டிலிருந்து பால்டிமோர் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், இன்னொரு நாள் வருகிறோம், டிக்கெட்டை அனுப்புங்கள் என்று கேட்டோம். "கேம் கேன்சல் சிஸ்டர், மழைக்கு நான் என்ன பண்ணமுடியும்?" கேன்சல் இல்லை, ஒத்திவைப்பு என்று என் கணவர் அணியின் அறிவிப்பையே அனுப்பினார். அதன்பிறகு பதில் இல்லை. மறு ஆட்டம் நடந்தது. நாங்கள் அதைப் பார்க்கவில்லை.

இன்னொன்று. "குழந்தைகள் நினைவுப் பரிசு" என்று தனியாக ஒரு தொகை இருந்தது. அதில் வந்தது, முதல் ஆட்டம் பார்த்ததற்கான சான்றிதழ் என்று அவரே அச்சடித்த ஒரு தாள். பல ஸ்டேடியங்களில் விருந்தினர் சேவை மேசையில் கேட்டால் அணியின் முத்திரையோடு அதை இலவசமாகவே தருகிறார்கள்.

பணம் என்னாயிற்று என்று எல்லோரும் கேட்கிறார்கள். கார்டில் கட்டிய பகுதியில் பெரும்பங்கு திரும்பி வந்துவிட்டது. 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, சொன்னபடி தராத சேவைக்கான கட்டணத்தை எதிர்த்து, அது வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் கிரெடிட் கார்டு வங்கிக்கு எழுத்தில் புகார் செய்யலாம். விளம்பரப் படம், வாட்ஸ்அப் உரையாடல், ஃபென்வே தூணின் ஃபோட்டோ, ஃபில்லீஸ் அட்டவணை எல்லாம் சேர்த்து அனுப்பினோம். மே மாதமே கட்டிய பணத்துக்கு இந்தக் கெடு சீக்கிரம் ஓடிவிடும்; ஏஜென்ட் "ட்ரிப் முடியட்டும், செட்டில் பண்றேன்" என்று இழுப்பதன் காரணமும் இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஜெல்லில் போன முன்பணம் போனதுதான். நீங்களே அனுப்பியது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று வங்கி கைவிரித்துவிட்டது. ஃபெடரல் டிரேட் கமிஷனிலும், நியூ ஜெர்சியின் நுகர்வோர் விவகாரப் பிரிவிலும் புகார் பதிவுசெய்திருக்கிறோம். கடைசியில் சேர்த்த "சர்வீஸ் ஃபீ" பற்றியும் எழுதியிருக்கிறோம். 2025 மே 12 முதல், ஆட்டம், கச்சேரி போன்றவற்றின் டிக்கெட்டுக்கும் ஹோட்டல் அறைக்கும் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்டவேண்டும் என்பது ஃபெடரல் விதி.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பயணத்தையே விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு இது அருமையான அனுபவம். 2023-ல் பிட்ச் கிளாக் (பந்து வீச நேரக் கெடு வைக்கும் கடிகாரம்) வந்தபின் ஆட்டம் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிகிறது, சின்னப் பிள்ளைகள் தாங்குவார்கள். அணியின் அட்டவணையைப் பார்த்து, அணியின் தளத்திலேயே வாங்குங்கள். 2018 முதல் 30 ஸ்டேடியங்களிலும் பாதுகாப்பு வலை குறைந்தது டக்அவுட்டின் (ஆட்டக்காரர்கள் உட்காரும் இடத்தின்) கடைசி முனை வரை இருக்கிறது. கைக்குழந்தை இருந்தால் வலைக்குப் பின்னால் உட்காருங்கள், பந்து வரும் வேகம் பயங்கரமானது. ஞாயிறு மதிய ஆட்டம் கிடைத்தால் விடாதீர்கள், பல அணிகள் ஆட்டம் முடிந்தபின் பிள்ளைகளைக் களத்தில் இறக்கி பேஸ்களைச் சுற்றி ஓடவிடுகின்றன. பார்க்கிங்குக்கும் ஏஜென்ட் தேவையில்லை: ஃபென்வேக்கு கிரீன் லைன் ரயிலில் கென்மோர் நிலையம், கேம்டன் யார்ட்ஸுக்கு லைட் ரயில் வாசலிலேயே நிற்கும்.

இப்போது இதை எழுதக் காரணம், இந்த வருட விளம்பரத்தில் எங்கள் மகன் படம் இருக்கிறது. பால்டிமோர் கேட்டில் அந்த ஆள் எடுத்தது. "ஹேப்பி ஃபேமிலீஸ்" என்று மேலே எழுதியிருக்கிறார்கள். எடுக்கச் சொல்லி எழுதினோம். ஒரு குரூப்பில் நீக்கிவிட்டு இன்னொன்றில் போடுகிறார்கள். நீல நிற டீ-ஷர்ட், கையில் கிளவ்ஸ் மாட்டிய பையன் படத்தோடு அந்த விளம்பரம் உங்கள் குரூப்புக்கு வந்தால், தயவுசெய்து அட்மினிடம் இந்தப் பதிவைக் காட்டி நீக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள், டிக்கெட்டை உங்கள் பால்பார்க் கணக்குக்கு மாற்றச் சொல்லி இன்றே எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அன்றைக்கே கார்டு வங்கியைக் கூப்பிடுங்கள். நாங்கள் வங்கிக்கு அனுப்பிய கடிதத்தின் மாதிரி வேண்டுமானால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், தருகிறேன்.