செகண்ட் ஹேண்ட் க்ரூஸர் பைக் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள்: என் 92,000 ரூபாய் போன விதம்

கோயம்புத்தூருக்கு இறங்கி பழைய பைக் வாங்கும் கோத்தகிரி, குன்னூர், ஊட்டி ஆட்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். 92,000 ரூபாய் கொடுத்து வாங்கிய 350 சிசி க்ரூஸர் இப்போது பட்டறையில் என்ஜின் பிரித்துக் கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. பழைய பைக் வாங்கி விற்கும் கடை. செயலியில் "சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன்" என்று விளம்பரம்.

அந்தக் கடைக்காரர் பேசிய விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நான் போய் நிற்கும்போதே வண்டி ஸ்டார்ட் ஆகி ஓடிக்கொண்டிருந்தது. "மலையில இருந்து வர்றீங்க, காக்க வைக்கக் கூடாதுன்னு ரெடி பண்ணி வெச்சேனுங்ண்ணா" என்றார். டீ வரவழைத்தார். தங்கச்சியை அரவங்காட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறோம், நமக்கும் மலைக்காரங்க சொந்தம்தான் என்றார். பணத்தை நான் எண்ண ஆரம்பிப்பதற்கு முன்பே ஆர்சி புக்கை எடுத்து என் கையில் வைத்து, "மொதல்ல இதப் புடிங்க, காசு எங்க போயிரப் போகுது" என்றார். காசு வாங்கும் முன் ஆர்சியைத் தருகிற மனுஷனை யார் சந்தேகப்படுவார்கள்? சீட்டு எடுத்து வைத்திருந்த 92,000 ரூபாயை மொத்தமாகக் கொடுத்தேன். பேப்பர் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வண்டிதான் சரியில்லை.

மேட்டுப்பாளையம் வரை சமதளத்தில் ஒன்றும் தெரியவில்லை. குஞ்சப்பனை தாண்டி ஏற்றம் பிடித்ததும் ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரைத் திருகத் திருக என்ஜின்தான் அலறுகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் கருகும் வாடை மூக்கில் ஏறுகிறது. 190 கிலோ பக்கம் வரும் வண்டி, கொண்டை ஊசி வளைவு, பின்னால் பஸ் விடாமல் ஹாரன். கிளட்ச் ஆற ஆற நிறுத்தி நிறுத்தித்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் பட்டறையில் மெக்கானிக் அண்ணன் டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் வெல்லப்பாகு மாதிரி மெதுவாக இறங்கியது. "சத்தத்த அமுக்க கெட்டி ஆயில ஊத்திக் குடுத்துருக்காங்க தம்பி" என்றார். ஹெட்டைத் திறந்து, சிலிண்டர் சுவரில் என் விரலைப் பிடித்து வைத்து இழுத்துக் காட்டினார். நகத்தில் வரிவரியாகக் கோடு தட்டுப்பட்டது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்து, வால்வைப் பிடித்து நிற்கும் கைடு ஆடுகிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ரப்பர் உறையைக் கீழே தள்ளினால், பளபளவென்று இருக்க வேண்டிய குழாயில் துரு தின்ற குழிகள். புது ஆயில் சீல் போட்டாலும் அந்தக் குழி அதையும் கிழித்துவிடுமாம். வெளியே மட்டும் பாலிஷ் போட்டுப் புது சீட் கவர். வண்டியை முன்கூட்டியே ஓடவிட்டு வைத்தது எதற்கு என்று அங்கேதான் புரிந்தது. என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தானே புகையும் தட்டுகிற சத்தமும் வெளியே தெரியும்!

கடைக்குப் போன் போட்டேன். முதலில், "மலையில ஏத்துனா எல்லா வண்டியும் அப்படித்தாங்ண்ணா." அப்புறம், "குளுருக்கு என்ஜின் செட் ஆகணும், ரெண்டு டேங்க் ஓட்டிப் பாருங்க." அதற்கப்புறம் மெக்கானிக் ஊருக்குப் போய்விட்டாராம். இப்போது ஒரு பையன் எடுத்து "ஓனர் வெளிய போயிருக்காரு" என்று வைத்துவிடுகிறான். பிரித்துப் போட்ட பிஸ்டன் போட்டோவை அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது, பதில் இல்லை. செயலிக்காரர்களோ, வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்து வைப்பதோடு எங்கள் வேலை முடிந்தது என்கிறார்கள். என் 92,000 ரூபாய்க்கு யார் பொறுப்பு?

வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். போனதும் என்ஜின் மேல் கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள், சூடாக இருந்தால் ஆறும் வரை ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். கிளட்சைப் பார்க்க டாப் கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகுங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் போய்விட்டது. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு கியரிலேயே இறங்கி, மறுபடி திருகும்போது நீலப் புகை வந்தால் வால்வ் சீலோ கைடோ காலி. முறுக்கும்போதெல்லாம் புகைந்தால் ரிங். முன் வீலைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்புங்கள், நடுவில் பிடித்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) போய்விட்டது. அப்படிப் பிடிக்கும் ஹேண்டிலை வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இந்த நீள வண்டியைத் திருப்புவது உயிருக்கு ஆபத்து. செயினை ஸ்பிராக்கெட் என்கிற பின் பல்சக்கரத்தின் கடைசியில் பிடித்து இழுங்கள், பல் வெளியே தெரிந்தால் செயின் ஸ்பிராக்கெட் செட்டே மாற்ற வேண்டும். ஃபோர்க் உறையைத் தள்ளிப் பார்க்க விடவில்லையா, வண்டியே வேண்டாம்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகிவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் இருந்தால் கட்டணமும் இல்லை. அதனால் ஊட்டி நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கிறேன். இந்த மாதிரிக் கடையில் யாராவது ஏற்கெனவே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்திருந்தால், மீதியைக் கொடுக்கும் முன் உங்கள் மெக்கானிக்கைக் கையோடு கூட்டிக்கொண்டு இறங்குங்கள்.