பிளாக் மாற்றுவதா, போர் குடைவதா, ஸ்ட்ரோக் நீட்டுவதா?

பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் வைத்திருப்பவருக்கு என்றாவது ஒரு நாள் இந்த ஆசை வந்தே தீரும்: இன்னும் கொஞ்சம் சிசி இருந்தால் எப்படி இருக்கும்? யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். லேத் வைத்திருப்பவர் குடையச் சொல்வார். உதிரிபாகம் விற்பவர் பெரிய சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்த கிட்டை எடுத்துக் காட்டுவார். ரேஸ் ஓட்டியவர் பிஸ்டனை மேலும் கீழும் ஓட்டும் கிராங்கைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். எந்த வழியில் எத்தனை சிசி கூடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்க முடியுமா என்று கேட்டால் சத்தம் குறைந்துவிடுகிறது. எனக்கு முதல் கேள்வியே அதுதான்.

முதலில் கணக்கு. யமஹா ஆர்எக்ஸ்100-ஐ எடுத்துக்கொள்வோம். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 50 மி.மீ., கொள்ளளவு 98 சிசி. ஸ்ட்ரோக்கைத் தொடாமல் போரை மட்டும் 8 மி.மீ. கூட்டினால் 132 சிசி. போரைத் தொடாமல் ஸ்ட்ரோக்கில் அதே 8 மி.மீ. கூட்டினால் 114 சிசிதான். போர் வர்க்கத்தில் பெருகும், ஸ்ட்ரோக் நேராகப் பெருகும். ஆளுக்கு ஆள் போரையே பிடித்துத் தொங்குவதற்குக் காரணம் இதுதான். ஆனால் தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து சரிசெய்யும் ரீபோருக்கு விற்கும் ஓவர்சைஸ் பிஸ்டனில் 1 மி.மீ. பெரியதைப் போட்டால் கிடைப்பது 102 சிசி. அந்த 4 சிசியை யாரும் ஓட்டி உணர்ந்ததாக நான் நம்பமாட்டேன்.

இருக்கிற பிளாக்கையே குடைவது

நான் முதலில் செய்த தப்பு இது. பிளாக்கில், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரில், உள்ளே இருக்கும் பழைய இரும்புக் குழாயான ஸ்லீவை எடுத்துவிட்டு, அலுமினியத்தைக் குடைந்து, பெரிய ஸ்லீவ் இறக்கி, வேறொரு வண்டியின் பிஸ்டனைப் போட்டேன். பிஸ்டன் பின்னின் விட்டம் சரி, பின்னிலிருந்து தலை வரையுள்ள உயரமும் சரி. ரிங் முனைகள் எங்கே நிற்கின்றன என்று மட்டும் பார்க்கவில்லை.

டூ-ஸ்ட்ரோக் பிஸ்டனில் ரிங் சுழலாமல் இருக்க ஒரு சின்ன ஆணி உண்டு. ரிங்கின் இரண்டு முனையும் அங்கேதான் சந்திக்கும். அந்த இடம் சிலிண்டர் சுவரில் ஓட்டை இல்லாத பகுதி மேல் ஓட வேண்டும். என் பிஸ்டனில் ஆணி நேராகப் பின்பக்க ஓட்டையின், அதாவது போர்ட்டின், மேல் இருந்தது. சில நூறு கிலோமீட்டர் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு 'டிக்' சத்தம், அடுத்த நிமிடமே கம்ப்ரஷன் இல்லை. சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றினால் ரிங் மூன்று துண்டு. பிஸ்டன் தலையெல்லாம் கோழி கொத்தினது போலப் பள்ளம். சுவரில் நகம் மாட்டுகிற ஆழத்துக்கு ஒரு கோடு. குடைந்து கொடுத்தவர் மேல் குற்றமில்லை. பிஸ்டனை வாங்கி வந்தது நான்.

ஆணி சரியாக அமைந்தாலும் இந்த வழி எனக்குப் பிடிக்காது. போர் பெரிதாகப் பெரிதாக, கலவையைக் கீழேயிருந்து மேலே கொண்டுபோகும் டிரான்ஸ்ஃபர் பாதைகளுக்கும் ஸ்லீவுக்கும் இடையில் உலோகம் மெலியும். போர்ட் ஜன்னல்களைப் புது ஸ்லீவில் கையால் வெட்ட வேண்டும். ஹெட் இன்னொரு தலைவலி. பழைய ஹெட்டின் குழி 16 சிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். 98 சிசிக்கு கம்ப்ரஷன் விகிதம் 7.1. அதே குழியை 132 சிசிக்கு வைத்தால் 9.25. அப்புறம் ஏற்றத்தில் கடகடவென்று தட்டும், பிஸ்டனின் ஓரம் எலி கடித்த மாதிரி ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக, குடைந்த பிளாக் குடைந்ததுதான். அசல் பிளாக் போய்விட்டது.

அண்ணன் வண்டியின் பிளாக்

ஆர்எக்ஸ்100-க்கு அண்ணனான ஆர்எக்ஸ்135-இன் போர் 58 மி.மீ., ஸ்ட்ரோக் அதே 50 மி.மீ. மேலே சொன்ன 132 சிசி இதுதான். கம்பெனியே அந்த போருக்கென்று போர்ட் வெட்டி, அந்தச் சூட்டுக்கென்று துடுப்புகள் வார்த்து, அதற்கேற்ற ஹெட்டும் கொடுத்திருக்கிறது. பிஸ்டன் தலையின் பரப்பு 35 சதவீதம் கூடும்போது அதில் விழும் சூடும் கூடவே ஏறும் என்பதால், துடுப்பு சாதாரண விஷயமில்லை. தேய்ந்தால் ரீபோருக்கு ஓவர்சைஸ் பிஸ்டனும் உண்டு. ஓட்டுவதற்கென்றே வண்டி வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் "கழற்று, மாட்டு, போ" என்று சொல்பவரை நம்பாதீர்கள். பெரிய ஸ்லீவின் அடிப்பாகம் இறங்குவதற்கு, கிராங்க் இருக்கும் கீழ்ப்பெட்டியான கிராங்க்கேஸின் வாய் போதுமா என்று முதலில் வெர்னியர் வைத்துப் பாருங்கள். போதாவிட்டால் வாயைக் குடைய வேண்டும். பேக்கிங் உட்காரும் விளிம்பு அந்த அளவுக்கு ஒடுங்கும். கிராங்க்கேஸில் உள்ள டிரான்ஸ்ஃபர் வாயும் பிளாக்கில் உள்ளதும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் படி மாதிரி நின்றால், பெரிய போரின் பலனில் பாதி அங்கேயே போய்விடும். பிஸ்டன் கனமானால் கிராங்கின் பேலன்ஸும் மாறும், ஹேண்டில்பாரில் அதிர்வாகத் தெரியும். 34 சிசி கூடியும் கார்பரேட்டர், சைலன்சர் பழையதே என்றால் கீழ் வேகத்தில் இழுவை நன்றாகக் கூடும், மேலே மூச்சு வாங்கும். எனக்கு அந்த இழுவையே போதும். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டிக்கொண்டேன்.

இன்னொன்று. இன்ஜின் எண் அடித்திருப்பது கிராங்க்கேஸில். அதைக் குடைந்துவிட்டால் வண்டியின் அசல் அடையாளத்திலேயே கை வைத்ததாக ஆகும்.

ரேஸ் கிட்

நிக்கசில் என்னும் கடினப் பூச்சு பூசிய அலுமினிய சிலிண்டர் கிட்டுகளில் வேலைப்பாடு அருமை. சுவரும் பிஸ்டனும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால் இடைவெளியை நெருக்கமாக வைக்கலாம். ஆனால் ரீபோர் கிடையாது. பூச்சு உரிந்தால் மறுபடி பூச வேண்டும். பல கிட்டுகளில் போர்ட்டுகள் உயரமாக வெட்டியிருப்பதால் நெரிசலில் ஊர்ந்து போகிறவருக்கு வண்டி சீறவும் சீறாது, சும்மாவும் இருக்காது. மைதானத்தில் ஓட்டுபவர் வாங்கட்டும்.

ஸ்ட்ரோக் நீட்டுவது

இதைக் கம்பெனியே செய்த உதாரணம் உண்டு. யமஹா ஆர்டி350-இன் போர் 64, ஸ்ட்ரோக் 54, இரண்டு சிலிண்டரும் சேர்ந்து 347 சிசி. அடுத்து 1976-இல் வந்த ஆர்டி400-இல் போர் அதே 64. ஸ்ட்ரோக் மட்டும் 62 ஆனது, 399 சிசி.

வீட்டில் செய்பவர்கள் கிராங்க் பின்னை எக்சென்ட்ரிக்காக, அதாவது மையம் விலகியதாக, மாற்றி 4 மி.மீ. நீட்டுவார்கள். 50×50 இன்ஜினில் அது 106 சிசி. பிஸ்டன் மேலே 2 மி.மீ. கூடுதலாக ஏறும், கீழே 2 மி.மீ. கூடுதலாக இறங்கும். மேலே ஹெட்டில் இடிக்காமல் இருக்க 2 மி.மீ. தகடு வைக்க வேண்டும். அதை பிளாக்குக்கு அடியில் வைப்பதா, ஹெட்டுக்கு அடியில் வைப்பதா என்பதில்தான் வண்டியின் குணமே மாறுகிறது.

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் ராடின் நீளம் 100 மி.மீ., பிஸ்டன் உச்சியிலிருந்து 28 மி.மீ. இறங்கும்போது புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட் திறக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டேன். பழைய ஸ்ட்ரோக்கில் கிராங்கின் ஒரு சுற்றில் எக்ஸாஸ்ட் சுமார் 181 டிகிரி திறந்திருக்கும். தகட்டை ஹெட்டுக்கு அடியில் வைத்தால் 183. பிளாக்குக்கு அடியில் வைத்தால் 191. முன்னதில் பழைய குணம் அப்படியே, இழுவை மட்டும் கூடும். பின்னதில் டாப் எண்டில் மட்டும் ஓடுகிற வண்டி. பலர் தெரியாமல் அடியில் வைத்துவிட்டு "ஸ்ட்ரோக் நீட்டினால் பிக்கப் போய்விடும்" என்று சொல்லித் திரிகிறார்கள். ஹெட்டுக்கு அடியில் வைப்பவர் ஒன்றைப் பார்க்க வேண்டும்: பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் பாவாடையின் கீழ் விளிம்பு எக்ஸாஸ்ட் போர்ட்டை இன்னும் மூடுகிறதா? மூடாவிட்டால் கிராங்க்கேஸிலிருந்து கலவை நேராக சைலன்சருக்குப் போகும்.

விலை கொடுப்பது பேரிங்கும் ராடும். 7,500 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 12.5 மீட்டரிலிருந்து 13.5 ஆகிறது. கிராங்கை அழுத்திச் சேர்த்தபின் கோட்டம் 0.03 மி.மீ.-க்குள் நிற்க வேண்டும். அதை அளக்கும் டயல் கேஜ் இல்லாதவரிடம் கொடுக்காதீர்கள். இத்தனை பாடும் 8 சிசிக்குத்தானா என்று கேட்டால், ஆமாம். ஆனால் பிளாக்கையோ கேஸையோ வெட்டவில்லை. அசல் கிராங்கை எடுத்து வைத்திருந்தால், கேஸைப் பிரித்து அதைத் திரும்பப் போட்டு, தகட்டை எடுத்தால் வண்டி பிறந்தபடி நிற்கும்.

துரு ஏறாத, எண்கள் பொருந்திய, ஒரு திருகுகூட மாறாத வண்டி என்றால் நான் ஸ்ட்ரோக் பக்கம். தினம் ஓட்டுகிற வண்டி என்றால் அண்ணன் பிளாக், அதுவும் தனியாக ஒரு கிராங்க்கேஸ் தேடி அதன் வாயைக் குடைந்து. என் வண்டியில் அப்படித்தான். அசல் கேஸ், எண்ணோடு, கிரீஸ் பூசித் துணியில் சுற்றி அலமாரியில் இருக்கிறது.

எந்த வழியானாலும் ஹெட்டை முறுக்கியபின், ஸ்டார்ட் செய்வதற்கு முன், பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க ஒரு வேலை: ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக ஈயக் கம்பியை சுவர் வரை விட்டு, கையால் கிராங்கை ஒரு சுற்று சுற்றி, நசுங்கிய நுனியை அளந்து பாருங்கள். இந்த அளவு இன்ஜினுக்கு 0.8-லிருந்து 1 மி.மீ. வரை இருந்தால் ஸ்டார்ட் செய்யலாம். கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை வேண்டுமென்றே ஒரு அளவு பெரியதாகப் போட்டு, பிளக்கின் நிறம் பார்த்துப் பார்த்துக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.