288,000 ரூபா கொடுத்து சேற்று டயர் வாங்கிய கதை: கொழும்பில் டபுள் கெப் ஓடுபவர்கள் கவனம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இன்று பின்னேரமும் அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடுதான் வந்தேன். பேர் போடவில்லை. பேஸ்புக்கில் நாள் தவறாமல் விளம்பரம் போடும், டயர், ரிம், எலைன்மன்ட் எல்லாம் ஒரே இடத்தில் செய்யும் பெரிய கடை என்றால் போதும்.

என்னிடம் இருப்பது டபுள் கெப், அதாவது இரண்டு வரிசை சீட் உள்ள பிக்கப். வீடு வெள்ளவத்தை, வேலை கொம்பனித்தெரு. காலி வீதி, மரீன் டிரைவ், டுப்ளிகேஷன் ரோட், இதுதான் அதன் வாழ்க்கை. இடைக்கிடை ஏ9 இல் யாழ்ப்பாணம். எப்போதாவது பதுளைப் பக்கம் மாமாவின் தோட்டத்துக்கு ஏறும் கொஞ்ச மண் பாதை. அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் ஏ.டி டயர் தேடினேன். தெரியாதவர்களுக்கு: எச்.டி என்பது தார் வீதிக்கு, எம்.டி சேற்றுக்கு, ஏ.டி இரண்டுக்கும் நடுவில். “265/65 ஆர் 17, ஏ.டி, நாலு வேணும்” என்று வட்ஸ்அப்பில் தெளிவாக அனுப்பினேன். “இருக்கு, வாங்க” என்று பதில் வந்தது. அந்த மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது.

போனதும் பிளேன்டீ வந்தது. கடைக்காரர் என்னைவிட மூத்தவர், வாய் நிறையத் தம்பி, தம்பி என்றார். டயரைத் தரையில் உருட்டி வந்து என் முன்னால் குந்தினார். பெருவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தி, “பாருங்க தம்பி, எவ்வளவு மெது” என்றார். டயரின் பக்கவாட்டில் ‘எம் பிளஸ் எஸ்’ என்று அச்சடித்திருந்ததைத் தொட்டுக் காட்டி, எல்லா ரோட்டுக்கும் செல்லும் என்பதற்கு அதுதான் அத்தாட்சி என்றார். (அது சேறும் பனியும் என்பதன் சுருக்கம். கொழும்பில் பனி!) ரோட்டில் படுகிற ரப்பர்க் கட்டைகள் பெரிசாக இருக்கே அண்ணே, இது ஏ.டி தானா என்று கேட்டேன். மனுசன் நெஞ்சில் கை வைத்தார்: “நம்மட ஆக்களுக்குப் பொய் சொல்லி நான் எங்க தம்பி போறது? ஓடிப் பாருங்க, பிடிக்காட்டி ஒரு கிழமைக்குள்ள கொண்டு வாங்க, மாத்தித் தாறன்.” அந்த நெஞ்சில் வைத்த கைக்குத்தான் 288,000 ரூபா. கார்ட் வேண்டாம், காசாகத் தந்தால் குறைக்கலாம் என்றார், காசாகவே கொடுத்தேன். பழைய டயர் நாலையும் கணக்கில் கழிப்பதாகச் சொல்லி உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே சத்தம். கண்ணாடி எல்லாம் ஏற்றியும் ‘ங்ங்ங்’ என்று ஒரே இரைச்சல். அடுத்த நாள் அம்மாவை ஏற்றிப் போனேன், “என்னடா, மேல பிளேன் போகுதா?” என்று கேட்டார். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். பம்பலப்பிட்டியில் நல்ல மழை, முன்னால் போன ஓட்டோ சட்டென்று நின்றது. பிரேக் அடித்தேன், வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. ஓட்டோவின் பின்பக்கத்துக்கும் என் பம்பருக்கும் இடையில் ஒரு கை நுழையாது.

அப்புறம்தான் டயரின் பேரைத் தேடிப் பார்த்தேன். பக்கவாட்டில் ஏ.டி என்றும் இல்லை, எம்.டி என்றும் இல்லை, வெறும் மொடல் இலக்கம்தான். கம்பனியின் பட்டியலில் அது சேற்று டயர் பகுதியில் இருக்கிறது. கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அகலம், அதனால் தார் வீதியில் படும் ரப்பர் குறைவு. ஈரத்தைக் கடித்துப் பிடிக்கும் மெல்லிய வெட்டுகளும் அந்தக் கட்டைகளில் இல்லாததுபோலத்தான். சேற்றில் அது ராஜா, காலி வீதியில் மழைக்கு ஆபத்து. கனமும் கூட, டீசலும் கூடக் குடிக்கிறது. தார் வீதியிலேயே ஓடினால் கட்டைகள் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்து சத்தம் இன்னும் கூடும்.

இன்னொன்று கேளுங்கள். தெஹிவளையில் பஞ்சர் ஒட்டப் போனபோது, சில்லைக் கழற்றிய பையன் உள்பக்கத்தைக் காட்டினான்: 3119. 2019ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் செய்த டயர்! அந்த நாலு இலக்கம் பல டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். நாலு டயரிலும் அந்தப் பக்கம் உள்ளே போகும்படி பூட்டியிருக்கிறார்கள். தற்செயலாம்!

திரும்பப் போனேன். பிளேன்டீ இல்லை. “புது டயர் தம்பி, கொஞ்சம் ஓடினா சத்தம் அடங்கும்” என்றார். அடுத்த முறை, முதலாளி வெளிநாட்டில். (அப்போ இவர் யார்?) அடுத்தது, “பூட்டி ஓடின டயரை எப்படித் திருப்பி எடுக்கிறது?” ஓடிப் பார்க்கச் சொன்னதே நீங்கள்தானே! 2019இல் செய்த டயரை ஏன் விற்றீர்கள் என்று கேட்டால், “2020ல இம்போர்ட்ட நிப்பாட்டினாங்களே, அதுக்கு முந்தின ஸ்டொக், கிடைச்சதே பெரிய விசயம்” என்கிறார். ஸ்டொக் அந்தக் காலத்தது, விலை மட்டும் இந்த வருசத்தது. வட்ஸ்அப் மெசேஜைக் காட்டினேன். பில்லில் ஏ.டி என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். பில்லில் இருப்பது ‘டயர் 4, 288,000’. அவ்வளவுதான். இன்று அவர் எழுந்துகூட வரவில்லை, ஒரு சின்னப் பையனை விட்டுச் சொல்ல வைத்தார்.

என்னென்ன டயர் எடுக்கலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனமில்லை. சுருக்கமாக: தார் வீதியில்தான் ஓடுகிறீர்கள் என்றால் எச்.டி போதும். மண் பாதையும் இருந்தால், கட்டைகள் நெருக்கமாக உள்ள ஏ.டி. எம்.டி பார்க்க எடுப்பாக இருக்கும், வேண்டாம். பூட்டும் முன் நாலு டயரிலும் அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள். டயரின் பேர், வகை, திகதி, மாற்றித் தருவதாகச் சொன்னது எல்லாவற்றையும் பில்லில் எழுத வையுங்கள். எழுத மாட்டேன் என்றால் பிளேன்டீயைக் குடித்துவிட்டு வெளியே வாருங்கள். பழைய டயர்களைக் கொடுக்காதீர்கள், நான் இப்போது கழற்றவும் முடியாமல் இருக்கிறேன். ஏமாந்திருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. நாளைக் காலை முதல் வேலையாக நானும் அதற்குத்தான் எடுக்கிறேன்.